கண்ணீர்த்துளி வண்டியும் ஜீப்பின் தடமும்

1930களில் அமெரிக்காவில் பரவிய சிறு முகாம் வண்டி இது. முன்புறம் உருண்டு பின்புறம் சரியும் வடிவால் கண்ணீர்த்துளி என்னும் பெயர் பெற்றது. உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க இயலாது. சமையற்கட்டு பின்மூடியைத் தூக்கினால் வெளியே! நான்கடி அகலம், எட்டடி நீளம் என்பது வழக்கமான அளவு. ஒட்டுப்பலகை அந்த அளவில்தானே கடையில் கிடைக்கிறது. 1947இல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் இதன் வரைபடத்தை வெளியிட, வீட்டு முற்றங்களும் பட்டறைகளாயின.

காட்டுப்பாதை வண்டியின் கதையோ இராணுவத்தோடு தொடர்புடையது. 1940 செப்டம்பரில் ஜீப்பின் முதல் மாதிரியைச் செய்தளித்தது பென்சில்வேனியாவின் அமெரிக்கன் பாண்டம் என்னும் சிறு நிறுவனம். பெருங்கொள்முதல் வில்லிஸுக்கும் போர்டுக்கும் போயிற்று. பெற்றவள் ஒருத்தி, பேர்பெற்றவள் வேறொருத்தி! பாண்டமுக்கு எஞ்சியது, ஜீப் இழுத்துச் செல்லும் கால் டன் வண்டியைச் செய்யும் பணி.

அவ்வண்டியின் சக்கரங்கள் ஜீப்பின் சக்கரங்களை ஒத்தவை. இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஜீப் பதித்த தடத்திலேயே அதுவும் உருளும். சேற்றில் புதுத்தடம் வெட்ட வேண்டியதில்லை. இன்று கரடுமுரடான பாதைக்கென வீட்டிலேயே கண்ணீர்த்துளி வண்டி கட்டுவோரும், பலகையை அறுக்குமுன் இழுக்கும் வாகனத்தின் சக்கர இடைவெளியை அளந்துகொள்கின்றனர்.