ஜெர்மன் நகரத்தில் குடியேறுதல்: வீட்டு இணைப்புகளும் கணக்குகளும்

ஜெர்மன் நகரங்களில் வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர் முதலில் பார்ப்பது வெறும் மேற்கூரைதான். விளக்குகளை முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். பல வீடுகளில் அடுப்பும் சமையலறை அலமாரிகளும்கூட இருக்காது. கூரையின் நடுவிலிருந்து இரண்டு மூன்று கம்பிகள், நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டையுடன் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் கம்பிகளில் மின்சாரம் ஓடும். புதியவர் யாரிடமும் விண்ணப்பிக்கவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கடையிலிருந்து ஒரு விளக்கை வாங்கி மாட்டினால் எரிகிறது. இணைப்பு வீட்டைச் சேர்ந்தது, கணக்கு ஆளைச் சேர்ந்தது என்பதுதான் அங்குள்ள ஏற்பாட்டின் அடிப்படை. எந்த நாளிலிருந்து யார் பெயரில் கணக்கு என்று பதிவதே குடிபெயர்தலில் உள்ள உண்மையான வேலை. வீட்டை இருளில் விடாத இந்த ஏற்பாடு சரியானது என்றே சொல்லலாம். அதன் குறை, பெயரைப் பதியாமல் சும்மா இருப்பவரிடம் கூடுதல் விலை வாங்குவதும், பதிவதற்குத் தேவையான விவரத்தை அவர் கையில் கொடுக்காமல் விடுவதும்தான்.

1998 வரை ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரே நிறுவனம்தான் மின்சாரம் விற்றது. அந்த ஆண்டின் ஆற்றல் சட்டம் சந்தையைத் திறந்துவிட்டபின், கம்பிவழி வேறு, மின்சாரத்தை விற்பவர் வேறு என்றாயிற்று. பெர்லினில் மின்கம்பிவழியை 2021-ல் மாநில அரசு திரும்ப வாங்கிக்கொண்டது. அதே கம்பிவழி மூலம் மின்சாரம் விற்கப் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. யாரையும் தேர்ந்தெடுக்காத வீட்டுக்கு யார் பொறுப்பு? அந்தப் பகுதியில் அதிக வீடுகளுக்கு விற்கும் நிறுவனமே பொறுப்பு என்கிறது சட்டம். 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது கணக்கிடப்படும். இதற்கு ‘குருண்ட்ஃபெர்சோர்குங்’, அதாவது அடிப்படை வழங்கல், என்று பெயர். பெர்லினில் மின்சாரத்துக்கு வாட்டன்ஃபாலும் எரிவாயுவுக்குக் ‘காசாக்’ நிறுவனமும் அந்த இடத்தில் இருக்கின்றன. பல நகரங்களில் ‘ஷ்டட்வெர்கே’ எனப்படும் நகராட்சி நிறுவனங்கள் இருக்கின்றன. சுவிட்சைப் போட்ட கணமே அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டுவிடும். அதிலிருந்து விலக 2 வாரம் முன்னதாக எழுதிக் கொடுத்தால் போதும்.

கையெழுத்தில்லாத ஒப்பந்தம் நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. கையெழுத்து வந்த பிறகுதான் மின்சாரம் என்று வைத்தால், தாள் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பனிக்காலத்தில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் இருளில் இருக்க வேண்டியிருக்கும். எனவே பயன்பாட்டையே சம்மதமாகக் கொள்வதில் தவறில்லை. சரியான கேள்வி விலையைப் பற்றியது. அடிப்படை வழங்கலின் விலை பெரும்பாலும் தேர்ந்தெடுத்த ஒப்பந்தங்களைவிடக் கூடுதல். மின்சாரத்தில் இதற்கு நகராட்சிக் கட்டணம் காரணமில்லை. தெருவுக்கடியில் கம்பி பதிக்க இடம் தரும் நகராட்சிக்கு ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் செலுத்தப்படும் ஒரு கட்டணம் விலையில் சேர்கிறது. 1992-ன் விதிப்படி, 5 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரில் அடிப்படை வழங்கலில் இருப்பவரின் மின்சாரத்துக்கு இக்கட்டணம் 2.39 சென்ட் வரை போகலாம். வீட்டுக்குத் தனி ஒப்பந்தம் போட்டவருக்கும் அதே உச்சவரம்புதான்.  கம்பியும் மின்சாரமும் ஒன்றே, நகரம் வாங்கும் இடவாடகையும் ஒன்றே; ஆனாலும் ஒரு தாளை நிரப்பாதவர் பெரும்பாலும் கூடுதலாகக் கொடுக்கிறார். 

இந்தக் கூடுதல் விலைக்கு வழங்குநர் தரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு. வருகிற எவரையும் அவர்கள் மறுக்க முடியாது, வந்தவர் இரண்டே வாரத்தில் போகலாம், ஆகவே எவ்வளவு மின்சாரத்தை முன்கூட்டி வாங்கி வைப்பது என்பது தெரியாது. அந்த அபாயத்துக்கு விலை உண்டு என்கிறார்கள். 2021-ன் இறுதியில் இது கண்கூடாகத் தெரிந்தது. மொத்தச் சந்தையில் விலை எகிறியபோது, மலிவாக விற்றுவந்த சில நிறுவனங்கள் வழங்கலைச் சட்டென்று நிறுத்திவிட்டன. அவர்களை நம்பியிருந்த வீடுகளில் ஒரு விளக்கும் அணையவில்லை. அடிப்படை வழங்குநர்கள் தாங்கிப் பிடித்தார்கள். ஆனால் தாங்கியவர்களில் சிலர், பழையவர்களுக்கு ஒரு விலை, புதிதாக வந்து விழுந்தவர்களுக்கு அதைவிட மிக உயர்ந்த விலை என்று பிரித்து வைத்தார்கள். சேர்ந்த தேதியை வைத்து அடிப்படை வழங்கலில் விலையைப் பிரிக்கக் கூடாது என்று 2022-ல் சட்டம் திருத்தப்பட்டது. அபாயத்துக்கு விலை வைப்பது வேறு. ஒருவர் வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த நாளைக் காட்டி விலை வைப்பது வேறு. திருத்தம் அந்தக் கோட்டைச் சரியான இடத்தில் போட்டது.

தேதிக்கு இவ்வளவு எடை இருப்பதால்தான் சாவி கைமாறும் நாளில் மீட்டரைப் பார்ப்பது முக்கியமாகிறது. பழைய கட்டடங்களில் அது நிலவறையிலோ மாடிப்படித் திருப்பத்திலோ இருக்கும்: கறுப்புப் பெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் விளிம்பில் சிவப்புக் கோடிட்ட ஓர் அலுமினியத் தட்டு சுழன்றுகொண்டிருக்கும். மேலே உருளும் எண்களில், சிவப்புக் கட்டத்துக்குள் இருப்பது தசம இலக்கம். அதையும் சேர்த்து எழுதிவிட்டால் பில் பத்து மடங்காகும். 2032-க்குள் இவையெல்லாம் எண்ணியல் மீட்டர்களாக மாற வேண்டும் என்பது சட்டம். மீட்டர் எண், அன்றைய அளவு, தேதி மூன்றையும் ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதி, வீட்டுக்காரரும் குடிவருபவரும் கையெழுத்திடுவது வழக்கம். முன்பு ஒருவர் குடிவந்து 6 வாரம் வரை கழித்தும் பின்தேதியிட்டுத் தன் விருப்ப வழங்குநரிடம் பதியலாம். 2025 ஜூன் 6 முதல் மின்சாரத்தில் அந்தச் சலுகை இல்லை. வேலை நாளில் 24 மணி நேரத்துக்குள் வழங்குநரை மாற்றும் வசதி வந்தது. பின்தேதியிடும் வழி அடைபட்டது. பதியத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அடிப்படை வழங்கலின் விலையிலேயே கழியும். காலி செய்துபோகிறவர் சொல்லாமல் போனால், அடுத்தவர் செலவழிக்கும் மின்சாரமும் அவர் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருக்கக்கூடும்.

வெப்பத்திலும் நீரிலும் குடியிருப்பவருக்குத் தேர்வென்று ஏதுமில்லை. வீட்டுக்குள்ளேயே எரிவாயுக் கொதிகலன் இருந்தால்தான் அவர் எரிவாயு ஒப்பந்தம் போடுவார். மற்றபடி கட்டடத்துக்குப் பொதுவான கொதிகலனோ, நகரத்தின் அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களோதான். பெர்லினின் அந்தக் குழாய்வழியை மாநில அரசு 2024-ல் வாங்கியது. நீர், குப்பை, படிக்கட்டுத் துப்புரவு எல்லாம் ‘நேபன்கோஸ்டன்’ என்ற பெயரில் வாடகையோடு மாத முன்பணமாகப் போகும். கணக்கு முடிந்து 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் விவரம் தர வேண்டும், தவறினால் பொதுவாக மேற்கொண்டு பணம் கேட்க முடியாது. வெப்பச் செலவில் குறைந்தது பாதியை, அதிகபட்சம் 70 சதவீதத்தை, அவரவர் பயன்படுத்திய அளவுக்கேற்பப் பிரிக்க வேண்டும் என்பது விதி. அதற்காகவே வெப்பமூட்டி ஒவ்வொன்றின் மீதும் விரல் நீளத்தில் ஓர் அளவுகருவி ஒட்டியிருக்கும். பழையவற்றில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு திரவம் மெல்ல ஆவியாகிக் குறையும். தேர்வு இல்லாத இடத்தில் கணக்கைக் காட்டும் கடமையை வீட்டுக்காரர் மீது சட்டம் இறுக்கிக் கட்டியிருப்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இணைய இணைப்பில் நிலைமை தலைகீழ். இங்கே தானாக எதுவும் வராது. விண்ணப்பித்து, தொழில்நுட்பப் பணியாளர் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அவர் சொன்ன நாளில் வராவிட்டால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், எது அதிகமோ அதை இழப்பீடாகக் கேட்கும் உரிமை 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. வானொலி, தொலைக்காட்சிக்கான பங்களிப்போ, 2013 முதல், பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ. பணியாளரும் தபாலும் வந்து சேர ஒரு சின்னச் சீட்டு வேண்டும். ஜெர்மன் அடுக்குமாடிகளின் முகவரியில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. அழைப்புமணியிலும் தபால் பெட்டியிலும் எழுதிய குடும்பப் பெயரே அடையாளம். பெயர் ஒட்டாத பெட்டிக்கு வந்த பில் திரும்பிப் போய்விடும். அனுப்பியவர் கணக்கில் பாக்கி மட்டும் நிற்கும்.

வயதுவந்தவர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டாமா என்பது கடைசி ஆட்சேபம். மொழி தெரிந்து, விவரமும் கையில் இருப்பவரிடம் அதைச் சொல்லலாம். வழங்குநரிடம் பதிய இன்று 11 இலக்க நுகர்விட எண் ஒன்று கேட்கப்படுகிறது. அது முன்பு இருந்தவரின் பில்லில்தான் அச்சாகியிருக்கும். முகவரியையும் மீட்டர் எண்ணையும் கொண்டு அதைத் தேடலாம், ஆனால் மீட்டரோ பூட்டிய நிலவறையில் இருக்கிறது. இதைச் சரிசெய்யப் புது அலுவலகம் வேண்டாம். குடிவந்த 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்றும், அதற்கு வீட்டுக்காரர் சான்றிதழ் தர வேண்டும் என்றும் 2015-லிருந்தே சட்டம் சொல்கிறது. அந்தத் தாளில் மீட்டர் எண், அன்றைய அளவு, 11 இலக்க எண் என்று மூன்று கட்டங்களைக் கூட்டினால் போதும். வீட்டுக்காரருக்கு இது வீண் சுமை என்றும் சொல்ல முடியாது. ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களில், மாடிப்படியிலோ நிலவறையிலோ அந்த வீட்டு மீட்டர் காட்டும் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் அடிப்படை வழங்கலின் வாடிக்கையாளராக நிற்பவர் அவர்தான்.