வேதநாயகியும் வேதக்கோயிலும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்த ஒரு பெண் இப்போது ஈரோட்டில் ஞாயிறு பள்ளியில் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள். "ஐயா, எங்க வீட்டுப் பழைய பைபிள்ல ரெண்டாவது புத்தகத்துக்கு யாத்திராகமம்னு பேர் இருக்குதுங்க. இன்னொரு பைபிள்ல விடுதலைப் பயணம்னு போட்டிருக்குது. எது சரின்னு பசங்க கேக்கறாங்க. நான் என்னங்கய்யா சொல்றது?"

நான் கூடுதுறையில் திதி கொடுக்கிற குடும்பத்துக்காரன். பைபிள் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவள் கேட்டது தமிழைப் பற்றிய கேள்வி. தமிழ் வாத்தியாரிடம் கேட்டது சரிதான். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்ச் சொல் ஒன்றிலிருந்து தொடங்கலாம். பவானியில் சங்கமேசுவரர் கோயில் அம்மனுக்கு வேதநாயகி என்று பெயர். ஊராட்சிக்கோட்டை மலைக்கு வேதகிரி என்று பெயர். அதே நம் பக்கத்துக் கிராமங்களில் மாதா கோயிலையும் சர்ச்சையும் பெரியவர்கள் 'வேதக்கோயில்' என்பார்கள். கிறிஸ்தவரை 'வேதக்காரங்க' என்பார்கள். மதம் மாறியவரை 'வேதத்துல சேந்துட்டாங்க' என்பார்கள். ஒரே சொல் இரண்டு கோயிலிலும் எப்படிக் குடியேறியது?

1606-ல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, சைவ உணவு உண்டு, தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி காலத்தில் இந்த வழக்கு வேர்விட்டது. அவர் 1623-ல் சேந்தமங்கலம், சேலம் பக்கமெல்லாம் நடந்திருக்கிறார். தம் மார்க்கத்தைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட சொல் 'வேதம்'. புதுச் சொல் ஒன்றை உருவாக்கியிருந்தால் அது அந்நியமாக நின்றிருக்கும். இருக்கிற பெரிய சொல்லை எடுத்ததால் கேட்டவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கூடவே, அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருந்த பொருளும் சேர்ந்தே வந்தது. மொழிபெயர்க்கிறவனுக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் கிடைக்கும். ஒன்றை மட்டும் வாங்க முடியாது.

(நம் வேதநாயகிக்கு எதிர்த்திசையில் வந்தவரும் உண்டு. கோவை கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ 1804-ல் அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டிலைப் பள்ளிச் சுற்றுலாவில் உங்களில் பலருக்குக் காட்டியிருக்கிறேன்.)

கடவுளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் பெரிய பாடு. 1578-ல் கொல்லத்தில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகத்தின் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. அதை எழுதிய அன்றீக் அடிகளார் தேர்ந்தது 'தம்பிரான்'. நொபிலி வழியில் வந்தவர்களுக்குச் 'சர்வேசுரன்'. தரங்கம்பாடி சீகன்பால்குவும் அதையே வைத்துக்கொண்டார். பிறகு வந்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். ரேனியுஸ் 'தேவன்' என்றார். 1995-ல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் கூடி வெளியிட்ட திருவிவிலியத்தில் 'கடவுள்'. ஐந்து சொல்லும் தமிழில் முன்பே இருந்தவை. தம்பிரான் என்றால் சைவ மடத்து ஞாபகம் வரும். பராபரன் என்றால் தாயுமானவர் ஞாபகம் வரும். தேவன் என்றால், முப்பத்து முக்கோடி தேவர்களில் ஒருவரா என்று ஒரு பாட்டி கேட்கலாம். ஒவ்வொரு சொல்லும் ஒரு உரை. சொல்லை மாற்றியவர் உரையையும் மாற்றினார்.

சீகன்பால்குவைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஜெர்மனிக்காரர், டென்மார்க் அரசர் அனுப்பி 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்தார். வயது 24. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். இரண்டே ஆண்டில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார். 1715-ல் அது அச்சாகி முடிந்தது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அச்சான புதிய ஏற்பாடு கிடையாது. 1719-ல், 36 வயதில் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தார். மிச்சத்தை சூல்ச் என்பவர் முடித்தார். சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ் பல ஆண்டுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பிச் செய்தார். அவர் 1791-ல் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1796-ல். அந்த நடை கிறிஸ்தவர் காதில் அப்படிப் பதிந்துவிட்டது.

அதன்மேல் கைவைத்தவர் ரேனியுஸ். 1814-ல் சென்னை வந்து, 1820-ல் பாளையங்கோட்டைக்குப் போனவர். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் முறையாகத் தமிழ் படித்தவர். சொல்லுக்குச் சொல் வைத்தால் தமிழாகாது, கருத்தைத் தமிழன் பேசுகிறபடி சொல்லவேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கென்றே மொழிபெயர்ப்பு நெறி பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். எனக்கு இதில் அவர் பக்கம்தான் சாய்வு. ஆனால் தஞ்சாவூரில் ஒரு பெரியவர் கொதித்துவிட்டார். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் நண்பர், வேதநாயக சாஸ்திரியார். (பெயரைப் பாருங்கள், நம் அம்மன் பெயரேதான்!) தாயும் தகப்பனும் படித்த வேதத்தைப் புதிதாக வந்தவர்கள் குலைக்கிறார்கள் என்பது அவர் புகார். பாட்டையும் மாற்றுகிறார்கள், பூ வைப்பதையும் தடுக்கிறார்கள் என்றார். அதே புகார்ப் பட்டியலில் சாதி வரிசையைக் கலைக்கிறார்கள் என்பதும் இருந்தது. அதை விட்டுவிட்டு அவரைத் தமிழ்க் காவலராக மட்டும் காட்ட எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு சாதாரண வாசகர் தம் கையில் இருக்கும் நூலின் சொற்களுக்காக வெள்ளைக்காரப் பாதிரிகளோடு இவ்வளவு வாதாடினார் என்பது சின்ன விஷயம் இல்லை.

1830-ல் லண்டன் மிஷனின் ஆடிஸ் கோவைக்கு வந்தபோது இந்தச் சண்டை ஓய்ந்திருக்கவில்லை. நம் கொங்குநாட்டு வேதக்கோயில்களில் உபதேசியார்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களை உட்காரவைத்து வசனம் மனப்பாடம் செய்வித்த காலத்தில், அந்த வசனத்தின் தமிழ் இன்னும் முடிவாகாத தமிழ்.

இப்போது யாழ்ப்பாணம். இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம்.

வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்துப் பேர்சிவல் பாதிரியாரிடம் நல்லூர்ப் பிள்ளை ஒருவர் படித்தார், பிறகு அங்கேயே பாடமும் எடுத்தார். 1822-ல் பிறந்த ஆறுமுகம். பின்னாளில் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பைபிளைப் புதிதாகத் தமிழாக்க இறங்கியபோது, தமிழ் சரிபார்க்கும் பண்டிதராகப் பல ஆண்டுகள் உடனிருந்தவர் இவர்தான். நீறு அழியவில்லை, ஆசாரம் தளரவில்லை. ஆனால் ஒரு புத்தகத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தவன் அதை மேம்போக்காகப் படிக்க முடியாது. இந்த வாக்கியத்தில் எழுவாய் எது, இந்த வினை யார் மேல் போகிறது என்று ஒவ்வொரு வரியிலும் நின்றாக வேண்டும். அன்றைய சைவர்களில் அந்த நூலை அவ்வளவு நெருங்கிப் படித்தவர் வேறு யாரும் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

படித்தவர் என்ன செய்தார்? 1847 கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவினார். அச்சுக்கூடம் வைத்தார். பாதிரியார்களிடம் கண்ட முறைகள் எல்லாம் சைவத்துக்கு வேலை செய்தன. 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். கோயில், விளக்கு, தூபம், நைவேத்தியம், தீட்டு இவையெல்லாம் மூடத்தனம் என்று பாதிரியார்கள் பழித்தபோது, அவர்கள் வேதத்தையே எடுத்து முன்னால் வைத்தார். பழைய ஏற்பாட்டில் எருசலேம் ஆலயம் இருக்கிறது. ஆசாரியருக்குத் தனி உடை, தூபம், விளக்கு, பலி, தீட்டுக்குச் சுத்தி எல்லாம் இருக்கின்றன. இயேசுவும் அந்த ஆலயத்துக்குப் போனவர்தான். அங்கே தெய்வ கட்டளை, இங்கே மூடத்தனமா என்று கேட்டார். லேவியராகமம் என்ற அந்தப் பகுதியின் தமிழ்ப் பெயரிலேயே 'ஆகமம்' இருக்கிறதே!

இதற்குக் கிறிஸ்தவர் தரப்பில் விடை உண்டு. அந்தச் சடங்குகள் வரப்போவதன் நிழல், கிறிஸ்துவின் பலியோடு அவற்றின் வேலை முடிந்தது என்று எபிரெயருக்கு எழுதிய நிருபத்தை எடுத்துச் சொல்வார்கள். லேவியராகமத்தை அந்த நிருபத்தோடு சேர்த்துப் படிப்பது அவர்கள் முறை. யார் வென்றார் என்று தீர்ப்புச் சொல்ல நான் உட்காரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். இரண்டு தரப்பும் முழு நூலைப் படித்துவிட்டு வாதாடின. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரியைச் சிவப்பு எழுத்தில் போட்டு, 'பார்த்தீர்களா இவர்கள் வேதத்தை' என்று நம் குடும்பக் குழுவிலேயே வருகிறது. சர்ச்சுக்குப் போகிற நம் வீட்டு மருமகள்கள் இருவர் அதே குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருப்பது எனக்குத் தெரியும்.

நாவலர் கைபட்ட அந்த மொழிபெயர்ப்பு 1850-ல் வந்தது. தமிழ்நாட்டுச் சபைகளில் அது நிலைக்கவில்லை. பழகிய நடையை விட்டு விலகிவிட்டது என்பது குறை. பிறகு பல மிஷன்கள் கூடி, பவர் ஐயர் தலைமையில், பப்ரிசியுஸை அடிப்படையாக வைத்து 1871-ல் முடித்ததுதான் இன்றும் பல வீடுகளில் இருக்கும் 'ஐக்கிய' மொழிபெயர்ப்பு. சாஸ்திரியார் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் பாதி சந்தோஷப்பட்டிருப்பார்.

சரி, படிப்பது எப்படி? உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுத்தாளில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று ஒரு கேள்வி வருமே, ஞாபகம் இருக்கிறதா? இடம் எழுதாமல் நேராக விளக்கத்துக்குப் போனவர்களுக்கு நான் மார்க் குறைத்தேன், பலருக்கு இன்னும் கோபம். யார் சொன்னது, யாரிடம், எந்த நிலையில் என்று தெரியாமல் பொருள் எழுத முடியாது. கைகேயி பேச்சைக் கம்பன் கருத்து என்று எழுதினால் சும்மா விடுவேனா?

பைபிளில் யோபு என்று ஒரு நூல் உண்டு. எல்லாம் இழந்து குப்பையில் உட்கார்ந்தவனிடம் நண்பர்கள் வந்து, நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் துன்பம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகிறார்கள். கேட்க அழகான பேச்சு. ஆனால் நூலின் கடைசியில் கடவுளே அவர்களைக் கடிந்து, நீங்கள் பேசியது சரியில்லை என்கிறார். நடுவிலிருந்து ஒரு வரியை உருவி ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவரிடம் 'வேதம் சொல்கிறது' என்று வாசித்தால் என்ன ஆகும்? அந்த நூல் எதை மறுக்க எழுதப்பட்டதோ அதையே வேதமாக்கியதாகும். இன்னொன்று, மத்தேயு சுவிசேஷத்தில் இயேசுவைச் சோதிக்க வந்த பிசாசு சங்கீதத்திலிருந்து வசனம் காட்டுகிறது. இயேசுவின் பதிலும் வசனம்தான். வசனம் தெரிந்திருப்பதும் பொருள் தெரிந்திருப்பதும் வேறு என்பதற்கு அந்த நூலுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

வசன எண்களே பிற்காலத்தவை. அத்தியாயப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண்களை 1551-ல் பாரிஸ் அச்சுக்காரர் ராபர்ட் எஸ்தியேன் போட்டார். எழுதியவர்கள் கடிதமாக, கதையாக, பாட்டாக எழுதினார்கள். எண் போட்டபிறகு துண்டு துண்டாக எடுப்பது சுலபமாகிவிட்டது. ஆகவே ஞாயிறு பள்ளி டீச்சரம்மாவுக்கு என் யோசனை: ஒரு வசனத்தை மனப்பாடம் கொடுக்கும்போது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள அத்தியாயத்தைக் கதையாகச் சொல்லிக் கொடு கண்ணு.

இனி உன் கேள்வி. அந்த இரண்டாவது நூலுக்கு எபிரெயத்தில் யாத்திரை என்றும் பெயர் இல்லை, விடுதலை என்றும் பெயர் இல்லை. நூல் தொடங்கும் சொற்களை வைத்து 'பெயர்கள்' என்கிறார்கள். நாம் பாட்டை முதலடியால் சொல்கிறோமே, அந்த மாதிரி. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் 'வெளியேறுதல்' என்று வைத்தார்கள். தமிழில் முதலில் அது 'யாத்திரை' ஆயிற்று. யாத்திரை என்றால் நமக்குக் காசி, பழனி. தெய்வத்தை நோக்கி நடக்கிற நடை. அந்த நூலில் அதுவும் உண்டு, மலையடிவாரத்தில் கடவுளைச் சந்திக்கிறார்கள். 'விடுதலைப் பயணம்' என்று வைத்தவர்கள் முன்பாதியைப் பார்த்தார்கள். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் தப்பித்த கதை. சென்ற நூற்றாண்டின் பின்பாதியில் தென் அமெரிக்காவிலும் நம் நாட்டிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் அந்த நூலைத் தங்கள் கதையாகப் படித்தார்கள். அந்தக் காற்று இந்தத் தலைப்பிலும் வீசுகிறது என்பது என் கணிப்பு. இரண்டு தலைப்பையும் பலகையில் எழுதி, இந்தக் கதைக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள் என்று பிள்ளைகளிடமே கேள். பதில்களை எனக்கும் அனுப்பு, படிக்க ஆசையாக இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் யார் வீட்டிலாவது பாட்டன் காலத்துத் தமிழ்ப் பைபிள் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தையும், ஆண்டு அச்சடித்த இடத்தையும், யோவான் சுவிசேஷத்தின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அங்கே 'வார்த்தை' என்று இருக்கிறதா, 'வாக்கு' என்று இருக்கிறதா, வேறு ஏதாவதா என்று பார்க்கவேண்டும். ஓரத்தில் பெரியவர்கள் பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.