சரக்காக விற்ற கல்
(பழைய உரோமைப் பேரரசின் கல் வாணிபம்)



சுவரில் அமர்ந்துவிட்ட கல்லைக் காணும்போது, அதுவும் ஒரு காலத்தில் எண்ணெயையும் கோதுமையையும் போல விலை பேசப்பட்டு, கப்பலேறி வந்த சரக்கு என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் திருவெளிப்பாட்டின் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாபிலோன் என்னும் மறைபெயரால் குறிக்கப்படும் உரோமை வீழ்ந்ததும், அதன் வணிகர்கள் தங்கள் சரக்கை வாங்குவாரில்லையே என்று புலம்புகிறார்கள். தங்கத்தில் தொடங்கும் அந்தச் சரக்குப் பட்டியலில் சலவைக்கல்லும் இடம் பெறுகிறது. பட்டியலின் கடைசியில் நிற்பவர்களோ மனிதர்கள்! கல்லும் மனிதனும் ஒரே பட்டியலில் எவ்வாறு வந்தனர் என்பதைச் சற்று ஆராய்வோம்.

செங்கல் நகராகத் தான் பெற்ற உரோமையைச் சலவைக்கல் நகராக விட்டுச் செல்வதாகப் பேரரசர் அகுஸ்துஸ் பெருமைப்பட்டுக் கொண்டார் என்பது வரலாறு. அவர் காலத்தில் வெள்ளைக்கல் இத்தாலியின் லூனாவிலிருந்து, அதாவது இன்றைய கர்ராராவிலிருந்து, வந்தது. வண்ணக் கற்கள்மீதும் ஆசை வளர்ந்தது. மஞ்சள் கல் வட ஆப்பிரிக்காவின் நுமீதியாவிலிருந்தும், ஊதா நரம்போடிய கல் சின்ன ஆசியாவின் தொக்கிமியத்திலிருந்தும், பச்சை வரிக்கல் கிரேக்க நாட்டுக் கரிஸ்துவிலிருந்தும் வந்தன. புரோக்கோனேசுஸ் தீவின் வெண்கல் பெயர் பெற்றது. இன்று அத்தீவுக்கும், அதைச் சூழ்ந்த கடலுக்கும் 'மர்மரா' என்ற பெயர் வழங்குவது அந்தச் சலவைக்கல்லால்தான்.

சிறந்த குவாரிகள் பல மெல்ல மெல்லப் பேரரசரின் உடைமையாயின. வெட்டிய பாளங்களில் குவாரியின் குறியும், அந்த ஆண்டின் கொன்சுல்களின் பெயரும் பொறிக்கப்பட்டன. உரோமையில் தைபர் ஆற்றங்கரையில் கல் இறங்குதுறை இருந்த பகுதிக்கு இன்றும் மர்மொராத்தா என்றே பெயர். விற்காமலும் பயன்படாமலும் தங்கிப்போன பாளங்கள் 19ஆம் நூற்றாண்டில் அங்கே தோண்டியெடுக்கப்பட்டன.

கல்லின் விலையை இன்றும் நாம் அறிய முடிகிறது. கி.பி. 301இல் பேரரசர் தியோக்கிளேசியன் சரக்குகளுக்கு உச்சவிலை விதித்து ஆணை பிறப்பித்தார். அதன்படி போர்பிரி என்னும் ஊதாக்கல் ஓர் அடிக்கு 250 தெனாரியம். நுமீதியக் கல் 200. புரோக்கோனேசுஸ் கல் 40. அதே ஆணையில் வயலில் உழைப்பவனுக்கு உணவோடு நாட்கூலி 25 தெனாரியம். கல் கொத்தனுக்கு 50. ஆகவே ஓர் அடி ஊதாக்கல்லின் விலை ஓர் ஏழை உழவனின் பத்து நாள் கூலி!

இவ்வளவு விலை ஏன்? உரோமையிலுள்ள பாந்தியோன் என்னும் கோவிலின் முகமண்டபத்தைப் பாருங்கள். அதில் 16 ஒற்றைக்கல் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மீட்டர் உயரம், 60 டன் எடை. முன்வரிசையின் சாம்பல் நிறத் தூண்கள் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் கிளவுதியானுஸ் மலையில் வெட்டப்பட்டவை. இரும்பு ஆப்பும் சம்மட்டியும் கொண்டு பிளந்த கல்லை, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பாலைவனம் கடந்து நைல் நதிக்கு இழுத்தனர். பிறகு ஆற்று வழியே அலெக்சாந்திரியா; கடல் வழியே இத்தாலி; மறுபடியும் தைபர் ஆறு. அம்மலையில் சுமார் 200 டன் எடையுள்ள தூண் ஒன்று, விரிசல் கண்டதால் கைவிடப்பட்டு இன்றும் கிடக்கிறது.

அந்தக் குவாரியில் உழைத்தவர் எல்லாரும் விலங்கிட்ட கைதிகளே என்று அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணினர். 1987 முதல் 1993 வரை நடந்த அகழாய்வில் எழுத்துள்ள பானையோடுகள் 9,000க்கும் மேல் கிடைத்து, அந்த எண்ணத்தை மாற்றின. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே கைதேர்ந்த கல்தச்சர்கள் மாதம் 47 திராக்மா கூலியும் கோதுமையும் பெற்றனர். நைல் கரையில் கிடைத்த கூலியைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு. ஓர் ஓட்டில், சுமார் 900 பேருக்குத் தண்ணீர் பங்கிட்ட கணக்கும் இருக்கிறது.

ஆனால் எல்லாக் குவாரிகளிலும், எல்லாக் காலத்திலும் இந்த நியாயம் நிலைக்கவில்லை. அதே பாலைவனத்தில், சற்று வடக்கே, போர்பிரி மலை உள்ளது. கி.பி. 18இல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் ஊதாக்கல் பேரரசர்க்கே உரிய கல்லாக மதிக்கப்பட்டது. தியோக்கிளேசியன் தொடங்கிய வேதகலாபனையில் கிறிஸ்தவர்கள் பலர் அங்கே தண்டனைக் கைதிகளாக அனுப்பப்பட்டனர். கி.பி. 308 வாக்கில் அவர்களுள் 97 ஆண்கள், பெண்களோடும் குழந்தைகளோடும் பாலஸ்தீனத்துக்குக் கொண்டுபோகப்பட்டதை, அக்காலத்தவரான செசரியா ஆயர் எவுசேபியுஸ் எழுதி வைத்துள்ளார். விசுவாசத்தை மறுதலிக்காததால் அவர்களின் ஒரு கண் பிடுங்கப்பட்டது. ஒரு கால் முடமாக்கப்பட்டது. பின்னர் மறுபடியும் சுரங்கத்துக்கே அனுப்பப்பட்டனர். திருவெளிப்பாட்டின் பட்டியல் எவ்வளவு உண்மையானது!

இதே ஊதாக்கல்லில் செதுக்கிய புனித எலேனாவின் கல்பேழை இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேதகலாபனை முடிந்து சில ஆண்டுகளில், கைதிகள் வெட்டிய அதே மலையின் கல், கிறிஸ்தவப் பேரரசரின் தாய்க்கு உரியதாயிற்று. கி.பி. 609இல் திருத்தந்தை நான்காம் போனிப்பாஸ் பாந்தியோனை அன்னை மரியாளுக்கும் மறைசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தார்.

அத்தூண்களில் பேரரசர்களின் நினைவு மட்டுமல்ல, பெயர் தெரியாத உழைப்பாளர்களின் வியர்வையும் இருக்கிறது. ஒருவர் தக்க கூலி பெற்றார். இன்னொருவர் கண்ணை இழந்தார். கல்லைப் பார்த்தால் அந்த வேறுபாடு தெரியாது. கட்டிடத்தின் அழகைப் போற்றும் நாம், அதைச் சுமந்தவர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்றும் கேட்கக் கற்றுக்கொள்வோமாக. கூலி குறைத்துக் கட்டிய சுவரும் நேராகத்தான் நிற்கும். ஆனால் இறைவனின் கணக்கில் அது சாய்ந்த சுவரே.