தஞ்சை வட்டாரத்தில் திருமண ஒளிப்படத் தொழில்

காவிரிப் படுகையில் ஸ்டுடியோவின் துணைவேலையாகத் தொடங்கிய திருமண ஒளிப்படம், இருபதாம் நூற்றாண்டில் தனித்தொழிலாக வளர்ந்தது. கருவிகள் மாறியதால் மட்டும் இது வளரவில்லை. முகூர்த்த நாள்களும் நெல் அறுவடையும் இதன் போக்கைத் தீர்மானித்தன.

தொடக்கம்

ஒளிப்படக்கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அது தஞ்சைக்கு வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858-இல் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக ஒட்டி, ஒரே நீண்ட படமாக்கினார். அன்று கேமராவின் முன் நின்றவை கோயில்களே. சாதாரணக் குடும்பங்கள் அல்ல.

பிற்காலத்தில் நகரங்களில் ஸ்டுடியோக்கள் தோன்றின. கும்பகோணத்தின் நல்லபிள்ளை ஸ்டுடியோ பழைய நிலையங்களுள் ஒன்று. கண்ணாடித் தகடும் பெரிய முக்காலியும் பகல் வெளிச்சமும் தேவைப்பட்டதால், மணமக்களே பெரும்பாலும் ஸ்டுடியோவுக்கு வந்தனர். வண்ணம் தீட்டிய திரையின் முன் எடுத்த ஒரு ஜோடிப் படமே பல வீடுகளில் கல்யாண நினைவாக இருந்தது.

பந்தலுக்கு வந்த கேமரா

சுருள் ஃபிலிமும் ஃபிளாஷ் விளக்கும் பரவியபின் படக்காரர் பந்தலுக்கு வந்தார். உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் கறுப்பு வெள்ளை ஃபிலிம்களும் புழக்கத்துக்கு வந்தன. 120 வகைச் சுருளில் சதுரப் படம் 12 மட்டுமே எடுக்கலாம். கெட்டிமேளம் முழங்கும்போது சுருள் தீர்ந்துபோனால், தாலி கட்டும் கணம் திரும்ப வராது. எனவே எத்தனை படம் மிச்சம் என்ற கணக்கு படக்காரரின் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

இதைக் கற்றுத்தர அன்று பள்ளிக்கூடம் இல்லை. ஸ்டுடியோவில் சேர்ந்த பையன் முதலில் இருட்டறையில் படம் கழுவுவான். நெகட்டிவில் பென்சிலால் ‘டச்சப்’ செய்யப் பழகுவான். பந்தலில் விளக்குப் பிடிப்பான். கேமரா அவன் கைக்கு வருவது அதன் பிறகுதான்.

வருமானமும் பருவமும்

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. சம்பா அறுவடை முடிந்து களத்துநெல் காசாகும் தை, மாசியில்தான் கை நிறைய வேலை. மேட்டூர் அணை நீர் பொய்த்து விளைச்சல் குறைந்தால், அந்த ஆண்டுக் கல்யாணச் செலவும் சுருங்கும். வேலையற்ற மாதங்களில் பாஸ்போர்ட் அளவுப் படமும் பள்ளிக் குழுப்படமுமே ஸ்டுடியோவைக் காத்தன. இத்தொழிலில் நிலைத்தவர்கள் நல்ல மாத வருவாயை வறண்ட மாதத்துக்குச் சேமிக்கத் தெரிந்தவர்கள்.

இன்றைய நிலை

டிஜிட்டல் கேமரா வந்தபின் படங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. இருட்டறைகள் மூடப்பட்டன. பழைய நெகட்டிவ்கள் அவற்றிலிருந்த வெள்ளிக்காக விற்கப்பட்டதும், கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டு வெறும் கண்ணாடியானதும் உண்டு. அவற்றோடு அழிந்தவை உழவர், கைவினைஞர், சிறுவணிகர் குடும்பங்களின் முகங்கள். கல்வெட்டில் இடம்பெறாத இவர்களுக்குக் கல்யாணப் படமே வரலாற்றுச் சான்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோ படங்களை மின்னுருவாக்கியுள்ளது.

மாணவர்கள் இப்பணியை வீட்டிலேயே தொடங்கலாம். பழைய கல்யாணப் படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வைத்தால் போதும். பெயர் சொல்ல ஆளில்லாத படம் வெறும் காகிதமாகிவிடும்.