முடிஞ்சு போன கலால் வழக்கை மறுபடி தோண்டலாமா? கோர்ட்டுகள் போட்ட கடிவாளம்

கலால் என்றதும் நம்ம ஊரில் சாராயம்தான் ஞாபகம் வரும். இது அது இல்லை. தொழிற்சாலையில் தயாராகும் பொருளுக்கு மத்திய அரசு வாங்கிய வரி. 2017 ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் பெட்ரோல், டீசல், புகையிலை போன்ற சிலவற்றை தவிர மற்றதுக்கெல்லாம் போயே போச்சு. பழைய வழக்குகள் மட்டும் போகவில்லை.

அதை முடிக்க 2019-ல் 'சப்கா விஸ்வாஸ்' என்ற சமாதான திட்டம் வந்தது. வழக்கு நிலுவையில் இருந்தால் ரூ.50 லட்சம் வரையிலான வரியில் 70 சதவீதம், அதற்கு மேல் போனால் 50 சதவீதம் தள்ளுபடி. வட்டி, அபராதம் கிடையாது. மீதியை கட்டியவருக்கு கணக்கு தீர்ந்ததாக சான்றிதழ்.

சான்றிதழ் கொடுத்த விவகாரத்தை, அந்த காலகட்டத்துக்கு, மறுபடி கிளறக்கூடாது என்று 129-வது பிரிவு சொல்கிறது. ஆனால் தானாக முன்வந்து கணக்கு காட்டியவர் சொன்னது பொய் என்று ஒரு வருடத்துக்குள் தெரிந்தால் தப்ப முடியாது. அதே காலத்துக்கு 'வேறு விவகாரம்' என்றாலும் நோட்டீசு வரலாம். சண்டையே இங்கேதான். 'இது வேறு' என்பார் அதிகாரி. 'பழசுதான், பேரை மாத்தியிருக்கீங்க' என்பார் முதலாளி.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

கலால் நோட்டீசு அனுப்ப சாதாரணமாக 2 ஆண்டுதான் கெடு. 2016-க்கு முன்பு அது 1 ஆண்டு. மோசடி, மறைப்பு இருந்தால் மட்டும் 5 ஆண்டு. அதனால் எதற்கெடுத்தாலும் 'மறைத்துவிட்டார்' என்று எழுதுவது வழக்கமாகிப்போனது. 2006-ல் நிஜாம் சர்க்கரை ஆலை வழக்கில் இதற்கு முட்டுக்கட்டை விழுந்தது. முதல் நோட்டீசு அனுப்பும்போதே எல்லா விவரமும் துறைக்கு தெரியும். பிறகு அதே விவரத்துக்கு இன்னொரு நோட்டீசு அனுப்பி, மறைத்ததாக சொல்ல முடியாது என்றது சுப்ரீம் கோர்ட்டு.

13 ஆண்டு தூங்கிய நோட்டீசு

சில நோட்டீசுகள் விசாரணையே இல்லாமல் 'கால் புக்' என்ற கிடப்பு பட்டியலில் தூங்கும். வாங்கியவர் முடிந்துவிட்டது என்றே நினைப்பார். பார்லே இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கு 2006-ல் தொடங்கி வந்த நோட்டீசுகள் மீது 2019-ல்தான் உத்தரவு போட்டார்கள். மும்பை ஐகோர்ட்டு 2020-ல் அதை ரத்து செய்தது. இவ்வளவு காலம் கழித்து பழைய ரசீதுக்கும் சாட்சிக்கும் யார் எங்கே போவது?

நேரே ஐகோர்ட்டுக்கு ஓடினால் பெரும்பாலும் 'முதலில் அப்பீல் போ' என்று அனுப்பிவிடுவார்கள். அதிகாரிக்கு அதிகாரமே இல்லை, விளக்கம் கேட்காமல் உத்தரவு போட்டார் என்கிற மாதிரி காரணம் இருந்தால்தான் ரிட் மனு எடுபடும். நோட்டீசை குப்பையில் போட்டால் ஆபத்து. பதில் வராவிட்டால் இருக்கிற காகிதத்தை வைத்தே அதிகாரி உத்தரவு போட்டுவிடலாம். சான்றிதழ் நகலை இணைத்து, தேதிக்குள் பதில் கொடுத்தாக வேண்டும்.