கிண்ணம் முதலில் யாருக்கு?

1826 ஏப்ரல் 3, திங்கட்கிழமை. பொழுது புலர்ந்ததுமே ரெஜினால்ட் ஹீபர் திருச்சிக் கோட்டைக்குள் போய்விட்டார். கல்கத்தாவின் அத்தியட்சர் அவர். கும்பெனி ஆண்ட இந்தியாவில் ஆங்கிலிக்கன் சபைக்கு அவருக்கு மேல் ஆள் கிடையாது. தெப்பக்குளத்துப் பக்கம் மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயர் எழுப்பிய கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்ச் சபை கூடியிருந்தது. திடப்படுத்தல் ஆராதனை முடிந்ததும் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார் ஹீபர்.

அவர் தலைக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோயிலில் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் மறு பக்கம். இராப்போஜனக் கிண்ணம் முதலில் வெள்ளாளருக்கு, பிறகே மற்றவருக்கு. ஷ்வார்ட்ஸ் காலத்திலிருந்து வந்த வழக்கம் இது. இளைய மிஷனெரிகள் அதை ஒழிக்கப் புறப்பட்டார்கள். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள்.

இது அற்ப விஷயமா? ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம். தீர்த்த மரியாதை யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்பதில் மானம் அடங்கியிருக்கும் ஊர். மதம் மாறியவர்கள் அந்தக் கணக்கை வாசலிலேயே விட்டுவிட்டு வரவில்லை.

ஹீபர் ஒரு வரியில் உத்தரவு போட்டிருக்கலாம். போடவில்லை. மார்ச் மாதம் சிதம்பரத்திலிருந்து ஷ்ரைஃபோகல் போதகருக்குக் கடிதம் எழுதி விவரம் கேட்டார்: இந்தச் சாதி வேற்றுமை மதத்தைச் சேர்ந்ததா, வெறும் சமூக அந்தஸ்தா? ஐரோப்பாவிலும் பெரிய மனிதர்கள் தனி இருக்கையில் உட்காருகிறார்களே என்பது அவர் நினைப்பு. பொறுமைசாலிதான். ஆனால் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் கடைசியில் கிண்ணம் வாங்கியவர்கள்.

கோட்டையிலிருந்து பங்களாவுக்குத் திரும்பினார். வெயில் ஏறிவிட்டது. தனிக் கட்டடத்தில் ஆழமான குளியல் தொட்டி, உள்ளே போனார். வெளியே வேலையாள் காத்திருந்தான். நேரம் போனது, சத்தமே இல்லை. கதவைத் திறந்தபோது தண்ணீருக்குள் அசைவற்றுக் கிடந்தார். வயது 42. மறுநாள் தூய யோவான் ஆலயத்தில் அடக்கம்.

சாதி பற்றி ஹீபர் தொடங்கிய விசாரணைக்குத் தீர்ப்பு வரவில்லை. அடுத்து அத்தியட்சர்களாக வந்த ஜேம்ஸ், டர்னர் இருவரும் சில ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். இதற்கிடையே தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் வளர்த்த பிள்ளையான வேதநாயகம் சாஸ்திரியாரே புதிய மிஷனெரிகளை எதிர்த்து எழுதினார். குரு அனுமதித்ததைத் தடுக்க இவர்கள் யார் என்பது அந்தத் தரப்பின் வாதம்.

1832இல் கல்கத்தா பீடத்தில் அமர்ந்த டேனியல் வில்சன் எதையும் கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் இல்லை. 1833 ஜூலையில் கடிதம் பறந்தது: சபைக்குள் சாதி உடனே ஒழியவேண்டும், மறுபேச்சு கூடாது. சபைகளில் அது வாசிக்கப்பட்டபோது மக்கள் கூட்டமாக எழுந்து போனார்கள். தஞ்சையில் உபதேசியார்கள் வேலை இழந்தார்கள்.

கடிதத்துக்கு மசியாத சபைகளை நேரில் பார்த்துவிடுவதென்று 1835இல் வில்சனே வந்தார். தஞ்சாவூர் முடிந்து திருச்சி. இராப்போஜன மேசை ஆயத்தமாகிறது. வெள்ளாளரும் பறையரும் ஒரே கூரையின் கீழ். இம்முறை அப்பத்தையும் ரசத்தையும் கையில் எடுப்பவர் அத்தியட்சரே. யாரை முதலில் அழைப்பார்? அவர் அழைத்தால் எழுந்து வருவார்களா, வாசலை நோக்கி நடப்பார்களா?

(அடுத்த வாரம்)