கறுப்பு வெள்ளையும் கலரும்: எங்கட அல்பங்களின் கதை

பிக்கரிங்கில் எங்கட ஆக்களின் வீடுகளுக்குப் போனால் தேத்தண்ணியோடு அல்பமும் வரும். அப்படி வந்த அல்பங்களைப் புரட்டிப் பார்த்ததில் ஒரு விசயம் கண்ணில் பட்டது. 1960ஆம் ஆண்டுக் கலியாணப் படம் நேற்றுக் கழுவி எடுத்ததுபோல இருக்குது. மாப்பிள்ளையின் தலைப்பாகை மடிப்பையும் பொம்பிளையின் அட்டியல் கல்லையும் எண்ணலாம். அதே குடும்பத்தில் 1980இல் நடந்த கலியாணமோ செம்மஞ்சளாகிக் கிடக்குது. வாழைமரம் மண்ணிறம், முகங்கள் செங்கல் நிறம். தாயின் படம் தெளிவு, மகளின் படம் மங்கல்! "அந்தக் காலத்துச் சாமான் தரமானது" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அது முழுக் காரணமில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நாங்கள் பார்க்கும் கறுப்பு, உண்மையான வெள்ளி. வெள்ளி புரோமைட்டில் வெளிச்சம் பட்டால் என்ன நடக்கும் என்பது ஏ.எல். இல் இரசாயனம் படிச்ச ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளிச்சம் பட்ட இடத்து உப்பை டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றும். படாத இடத்து உப்பை ஹைப்போ கரைத்துக்கொண்டு போகும். மிஞ்சி நிற்பது ஜெலற்றினுக்குள் பொடிப்பொடியான வெள்ளி. ஹைப்போ போகும்வரை தண்ணியில் வடிவாக அலசியிருந்தால் அந்தப் படம் நூறு வருசம் நிற்கும்.

கலர்ப் படத்திலும் தொடக்கத்தில் வெள்ளிதான். ஆனால் கழுவும்போதே வெள்ளியை முழுக்க வெளியேற்றிவிடுவார்கள். அதன் இடத்தில் நிற்பது நீலப்பச்சை, ஊதாச்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று சாயங்கள். சாயம் சாயம்தானே! 1970களின் கலர்ப் படங்களில் நீலப்பச்சைச் சாயம், வெயிலே படாமல் இருட்டுக்குள் இருந்தபடியே முதலில் அழியும். மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். பெட்டிக்குள் பத்திரமாக வைத்த படமும் சிவந்துபோன காரணம் இதுதான். சினிமாவுக்கும் இதே நோய். ஈஸ்ட்மன் கலரில் 1964இல் வந்த 'கர்ணன்' படத்தை 2012இல் டிஜிட்டலில் புதுப்பித்துத்தான் திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள்.

படம் பிடிக்கும் கலை 1839இல் பிரான்சில் டாகுவேர் மூலம் உலகத்துக்குத் தெரியவந்தது. இலங்கைக்கும் கெதியாகவே வந்து சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற வெள்ளைக்காரர்களின் ஸ்ரூடியோக்கள் எங்கட சனத்தையும் படம் எடுத்து, 'தமிழ்ப் பெண்' என்ற மாதிரித் தலைப்புப் போட்டு விற்றன. இங்கிலாந்தில் பேர்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் அங்கேயே காலமானவர். களுத்துறைப் பக்கத்தில் அவர் எடுத்த ஏழைச் சனத்தின் படங்களை இன்றைக்குப் பெரிய மியூசியங்கள் வைத்திருக்கின்றன. முகம் இருக்குது, பேர் இல்லை.

பேரோடு எங்கட முகம் வந்தது நாங்களே காசு கொடுத்து ஸ்ரூடியோவுக்குப் போன பிறகுதான். போன ஆக்கள் கேட்டது என்ன? கலர்! கறுப்பு வெள்ளைதான் கலை, கலர் வெறும் பகட்டு என்று இப்ப சிலர் சொல்லக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். கொழும்பில் லயனல் வென்ட் (1900-1944) வெளிச்சத்தையும் நிழலையும் வைத்துச் செய்தது பெரிய கலைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கட பேரன் பேத்திமார் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்து, கன்னத்துக்கு றோசும் நகைக்கு மஞ்சளும் கூறைக்குச் சிவப்பும் தூரிகையால் பூசுவித்து, கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டினார்கள். கலர் பிலிம் கைக்கு வர முதலே கலர் ஆசை வந்துவிட்டது.

அந்த ஆசையைத் தொழிலாக்கிய கம்பனிகளில் கொடாக் முதன்மையானது. 1935இல் கொடாக்குரோம், 1942இல் கடதாசியில் அச்சிடும் கொடாக்கலர். ரொறன்ரோவில் இருக்கிற எங்களுக்கு இந்த வரலாறு தூரத்தில் இல்லை. 1899இல் கனடாவுக்கு வந்த கொடாக், முதலாம் உலகப்போர்க் காலத்தில் மவுண்ட் டெனிசில் பெரிய தொழிற்சாலை கட்டியது. டிஜிட்டல் கமெரா வந்து பிலிம் விற்பனை விழ, 2005இல் மூடினார்கள். மிஞ்சியது 1940இல் தொழிலாளருக்காகக் கட்டிய ஒரு கட்டிடம் மட்டும். அதை எக்ளிங்ரன் ரயில் பாதையின் மவுண்ட் டெனிஸ் நிலையத்தோடு சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். பிலிம் பூசுகிற வேலை இருட்டில் நடக்கிற வேலை. நானும் சிப்ட் முழுக்க மெஷினோடு நிற்கிறவன். கண்ணை நம்பாமல் கையை மட்டும் நம்பி வேலை செய்த அந்தச் சனத்தை நினைத்தால் மலைப்பாக இருக்குது.

உலகம் கலருக்கு மாறி முடிந்த பிறகும் எங்கட சனம் கறுப்பு வெள்ளையோடு நிற்கவேண்டி வந்தது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். கலர் பிலிம் கழுவ மருந்து 38 பாகையில் நிற்கவேணும், அரைப் பாகை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதற்கு மெஷினும் கரண்டும் வேணும், இல்லாவிட்டால் கொழும்புக்கு அனுப்பவேணும். கறுப்பு வெள்ளைக்கு ஒரு இருட்டறை, சிவப்பு வெளிச்சம், ரெண்டு மூன்று தட்டு மருந்து, கிணற்றுத் தண்ணி போதும். தண்ணி சூடென்றால் நேரத்தைக் குறைக்கலாம். கரண்ட் இல்லையென்றால் வெயிலையே ஒரு துவாரத்தால் உள்ளே விட்டு அச்சடிக்கலாம். நான் பார்த்த அல்பங்களில் அந்த ஐந்து வருசப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். 1995 ஒக்ரோபர் 30 இடம்பெயர்வில் உறுதி, பிறப்புச் சான்றிதழோடு சேர்ந்து வந்தவை அவை.

இன்னொரு படத்தை எல்லோரும் மடிக்குள் வைத்திருந்தோம். 1972 தொடக்கம் கொடுத்த அடையாள அட்டையில் ஒட்டியதும் கறுப்பு வெள்ளைப் படம்தான். செக்பொயின்ரில் ஆமிக்காரன் அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கிற அந்த நிமிசத்தில், உயிர் அந்த ஒரு அங்குலப் படத்தில் நின்றது.

நிலைக்கிறதென்று கறுப்பு வெள்ளையை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனமில்லை. 1983 யூலையில் பொரளை பஸ் நிலையத்தில் உடுப்பு உரியப்பட்டுக் குந்தியிருக்கிற தமிழ் இளைஞனின் படத்தை எல்லோரும் கண்டிருப்பீர்கள். எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால், ஹிட்லர் காலத்துப் படத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். கறுப்பு வெள்ளை என்றாலே அவர்களுக்குப் பழங்காலம். 1983இல் உலகம் கலரில் இருந்தது. அந்தப் பெடியனோடு ஒத்த வயதுக்காரர் இன்று எங்களோடு பஸ்ஸில் வருகிறார்கள். 2009 முள்ளிவாய்க்கால் படங்களைப் பிள்ளைகள் அப்படித் தள்ளி வைக்கவில்லை. அவை கலர், இரத்தம் சிவப்பாகவே தெரியுது.

இப்ப கறுப்பு வெள்ளையைக் கலராக்க போனிலேயே வழி வந்துவிட்டது. ஒரு கலியாணப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். கூறைக்கு நீலம் பூசித் தந்தது! கம்பியூட்டர் நிறத்தை ஊகிக்குது, அவ்வளவுதான். அந்தப் படத்தில் இருக்கிற அம்மாவுக்கு இப்ப 84 வயது. கேட்டேன். "அரக்குச் சிவப்பு ராசா, கரை பச்சை" என்றார். படத்தின் பின்பக்கத்தில் அதைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் அவருடைய பேரையும் எழுதினேன். பேனை மை முன்பக்கத்துக்கு ஊறும், பென்சில்தான் நல்லது. 80ஆம் ஆண்டுச் சிவந்த படங்களுக்கு நெகட்டிவ் கிடந்தால் அதையும் எறியாதேங்கோ. அதுவும் சாயம்தான், ஆனால் படத்தில் போன பச்சை சில நேரம் அதற்குள் மிஞ்சி இருக்குது. ஸ்கான் பண்ணுகிற மெஷின் ஒன்று என்னிடம் இருக்குது, சனி ஞாயிறுகளில் வீட்டில்தான் நிற்பேன்.